சம்பந்தி இடப்பக்கம் இழுக்கிறார்

எங்கள் காரை என் மனைவி 'சம்பந்தி' என்றுதான் சொல்வாள். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. எப்படியோ சம்பந்தி மட்டும் வந்து சேர்ந்துவிட்டார். முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேளாவேளைக்குக் கவனிக்க வேண்டும். மழை நாளில் வாசலைத் தாண்ட மாட்டார். வெயில் நாளில் நடுரோட்டில் முறுக்கிக்கொண்டு நின்றுவிடுவார். நாம்தான் பின்னால் போய்த் தாங்கித் தள்ளி வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "என்ன, சம்பந்திக்கு இன்னிக்கு உடம்பு எப்படி?" என்று அவள் காலையில் குரல் கொடுத்தால், காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது, கொட்டகையை விட்டு வெளியே வாருங்கள் என்று பொருள்.

சம்பந்தி என்னைவிட வயதில் மூத்தவர். கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, இரண்டே இருக்கைகள், தலைக்கு மேல் கூரை கிடையாது. தரையோடு தரையாக இருப்பதால் அதில் ஏற வேண்டுமானால் இறங்க வேண்டும்; இறங்க வேண்டுமானால் ஏற வேண்டும். என் இடுப்பைப் பொறுத்தவரை, பக்கத்தில் யாராவது கை கொடுக்கவும் வேண்டும்.

அதில் பாதி எனக்கு, பாதி மச்சானுக்கு. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வாரம் முழுக்க மேலேயும் கீழேயுமாகப் போய் வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது நேராகப் போக வேண்டும் என்று ஆசை வந்ததில் தப்பில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். குடும்பத்தில் யார் யார் என்று கேட்டால் அக்கா, அத்தான், வண்டி என்பான். வரிசையை நான்தான் மரியாதை கருதி மாற்றிச் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே, வளைந்து நெளிந்து ஒரு சுற்றுச் சாலை இருக்கிறது. அங்கே போகிறவர்கள் எல்லோரும் அதை 'டிராக்' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் வண்டியைக் கொண்டுபோய், ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கிற வேகத்தில் அங்கே ஓட்டலாம். எதிரே லாரி வராது, குறுக்கே ஆள் வர மாட்டார். நானும் ஓட்டுவேன். அங்கே என்னை முந்தாத வண்டி ஆம்புலன்ஸ் ஒன்றுதான். அதுவும் ஓரமாக நிறுத்தி வைத்திருப்பதால்.

மச்சான் வேறு ரகம். வளைவில் அவன் ஸ்டீயரிங்கைத் திருப்புவதே தெரியாது. தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்கிற மாதிரி வண்டியை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றுவான். கிழட்டு என்ஜின் கொடுக்கிற வேகத்தில் ஒரு துளியைக்கூட வளைவில் சிந்த மாட்டான். பழைய வண்டிகளுக்கென்று வருஷத்தில் ஒரு நாள் டிராக்கில் ஒதுக்குவார்கள். அன்று அவனை யாரும் ஜெயித்ததில்லை. மற்ற நாட்களில் அவன் லிஃப்ட்காரன். அந்த ஒரு நாள் அவன் நடையே மாறிவிடும்.

டிராக்கை நடத்துகிறவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'விசில்'. கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். யாராவது ஒழுங்கு தப்பினால் கன்னம் இரண்டும் பலூனாக உப்ப, கண் பிதுங்க ஊதுவார். நான் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போதெல்லாம் அந்த முகத்தைச் செய்து காட்டுவேன். அவன் ரோட்டைப் பார்த்தபடியே தோள் குலுங்கச் சிரிப்பான். "வேணாம் அத்தான். திரும்பாமலே தெரியுது. வண்டியை எங்கயாவது விட்டுருவேன்." பாராட்டு என்று என் வாழ்க்கையில் கிடைத்தவற்றில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் மழை ஓய்ந்து டிராக் திறந்ததும் சம்பந்தி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தார்.

அப்படித்தான் நாங்கள் சொல்லிக்கொண்டோம். மேட்டை ஒட்டி ஓர் இடது வளைவு உண்டு. அதன் உள் விளிம்பில் இதற்கு மேல் நெருங்காதே என்பதற்காக ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கோன்களை வைத்திருப்பார்கள். மச்சான் ஓட்டும்போது இடது முன் சக்கரம் ஒவ்வொரு முறையும் ஒரு கோனைத் தட்டிவிட்டுப் போனது. வலது வளைவுகளில் ஒரு குறையும் இல்லை. இடது பக்கம் மட்டும் அடி.

"இழுக்குது அத்தான்" என்றான் மச்சான். "திருப்பினா நான் கேக்கறதவிடக் கூடவே உள்ள போற மாதிரி இருக்கு."

"நான் ஓட்டறப்ப இழுக்கலையே."

"நீங்க ஓட்டற வேகத்துல தள்ளுவண்டிகூட இழுக்காது."

நியாயமான பதில். ஆகவே சம்பந்திக்கு வைத்தியம் தொடங்கியது. சக்கரக் கோணம் சரிபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். எல்லாம் நேர் என்றார் கடைக்காரர். நம்பாமல் இன்னொரு கடைக்குப் போனோம். அவரும் அதையே சொன்னதால் இருவர்மீதும் சந்தேகம் வந்தது. முன்பக்க ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தோம். ரப்பர் புஷ்களை மாற்றினோம். ஸ்டீயரிங் பெட்டியைப் பிரித்து, என் கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியால் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் பார்த்தேன். ஒரு பல்லிலும் சொத்தை இல்லை. பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறதோ என்று யோசனை சொன்னது நான்தான். அதற்காக ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. நாங்கள் கிரீஸ் கையோடு சாப்பிட வந்தால் என் மனைவி தட்டை வைத்துவிட்டு, "சம்பந்தி ஏதாவது வாய் திறந்து சொன்னாரா?" என்பாள்.

டிராக்கிலும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். விசில் மட்டும் வைத்தியமே கிடையாது என்றார்.

"வண்டியோட அடிச்சட்டமே கோணிப்போச்சு தம்பி. எந்தக் காலத்திலயோ யாரோ எதுலயோ மோதியிருக்கான். வயசான வண்டி. முதுகெலும்பு வளைஞ்சா வளைஞ்சதுதான்."

 மச்சானைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சிரித்துவிட்டுப் போவான். வண்டியின் முதுகெலும்பைப் பற்றிச் சொன்னது அவனுக்குச் சொந்தக்காரர் யாரையோ வைததைப் போல இருந்தது.

இதற்கு நடுவே நான் என் தொழிலைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்லத் தயக்கமாக இருந்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைச் சோதித்துப் பார்க்க முறையாகப் படித்தவன். ஊரில் பாதிப் பேருடைய கண்களை உற்றுப் பார்த்திருக்கிறேன். ஓரங்களில் பார்வை எப்படிச் சத்தமில்லாமல் கரைந்து போகும் என்பதை வருகிறவர்களுக்குப் படம் போட்டு விளக்குகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு வண்டியின் பல்சக்கரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய வண்டிகளின் நாளுக்கு முந்தைய ஞாயிறு அது. பயிற்சிச் சுற்று. மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில். ஸ்டீயரிங் வலப்பக்கம், ஆகவே என் இடம் எப்போதும் அவனுக்கு இடப்பக்கம். நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு என்பதற்கான நீலக்கொடியை இடது ஓரத்தில் நின்ற கொடிக்காரர் அசைத்தார். மச்சான் வழி விடவில்லை. அவர் இரண்டு கைகளாலும் அசைத்தார். நான் பார்த்தேன், அவனும் பார்த்திருப்பான் என்று இருந்துவிட்டேன். வேகமான வண்டி இடப்பக்கமாகவே முந்த வந்தது. அதே நொடியில் மச்சான் அடுத்த வளைவுக்காக வண்டியை இடது பக்கம் நகர்த்தினான். நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவன் வலது பக்கம் வெட்டினான். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஒரு கை அளவு இடம் இருந்தது. அந்தக் கை கிட்டத்தட்ட என்னுடையது.

விசில் ஊதித் தள்ளிவிட்டார். "என்ன தம்பி, ஜெயிக்கற திமிரா? கொடியக்கூட மதிக்க மாட்டியா?"

"கொடி எங்கண்ணே காட்டினாங்க?"

"கேக்கறான் பாரு."

மற்றவர்கள் சிரித்தார்கள். மச்சான் மட்டும் கொடிக்காரர் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் திமிர் இல்லை. நாம் வைத்த இடத்தில் ஒரு பொருள் இல்லாவிட்டால் இருக்குமே, அந்த முகம்.

வீட்டுக்குத் திரும்பும்போது சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஹெல்மெட்டுகள் பின்னால் கிடந்தன. அவனைக் கொஞ்சம் தேற்றலாம் என்று விசிலின் முகத்தைச் செய்தேன். கன்னம், கண், எல்லாம். அவன் சிரிக்கவில்லை. கோபம் போல என்று நினைத்தேன். இன்னும் உப்பினேன். எதிர்ப்பக்கத்துப் பேருந்தில் ஓர் அம்மாள் தன் குழந்தையின் முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டார். மச்சான் அசையவில்லை. நேரே பார்த்தபடி ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

என் நகைச்சுவை இவ்வளவு மோசமாகிவிட்டதா என்று முதலில் எனக்காக வருத்தப்பட்டேன். என் குணம் அப்படி. அப்புறம்தான் என் கை தானாக எழுந்தது. கடையில் எதிரே உட்காருகிறவர்களுக்குச் செய்வதுபோல, ஒரு விரலை அவன் இடது தோளுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினேன். ஆட்டியபடியே மெல்ல முன்னால் கொண்டுபோனேன். அவன் காதைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி. தெரிய வேண்டிய இடம் எல்லாம் தாண்டிற்று. விரல் கிட்டத்தட்ட முன் கண்ணாடிக்கு வந்தபிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"என்ன அத்தான், கடையிலதான் ஈ ஓட்டறீங்க, இங்கயுமா?"

நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டியிருந்தது. பச்சை விழுந்தது. வீடு வந்து சேரும்வரை அவனுடைய இடது கண்ணாக உட்கார்ந்திருந்தேன். "சைக்கிள் வருது. இந்தப் பக்கம் ஒரு நாய். பாத்து." அவனுக்கு எரிச்சல். "லைசென்ஸ் எனக்கும் குடுத்திருக்காங்க அத்தான்."

மனைவியிடம் சமையலறையில் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"அப்பாவும் கடைசில கதவுல இடிச்சுக்கிட்டே இருப்பாரு" என்றாள். "கவனமில்லைனு நாங்க எல்லாரும் திட்டுவோம்."

நான் கல்யாணம் செய்துகொண்டபோது மாமனார் உயிருடன் இல்லை. அவர் கதவில் இடித்துக்கொண்டது எனக்கு அதுவரை தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை அரிக்கிற நோய் அது. பல வீடுகளில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். வலிக்காது, சிவக்காது. ஓரத்திலிருந்து தொடங்கும். மற்றக் கண் விட்டதை நிரப்பிக்கொள்வதால், ஒரு கண் பெரும்பாலும் போன பிறகும் ஆளுக்குத் தெரியாது. இதையெல்லாம் சொல்லி, அவளையும் உட்கார வைத்து விரலை ஆட்டிப் பார்த்தேன். அவளுக்கு எல்லாப் பக்கமும் தெரிந்தது. 

"கிட்னி மாதிரி கண்ணும் வேற ஒண்ணு வாங்கி வைக்க முடியாதில்ல?" என்றாள்.

"முடியாது. போனது போனதுதான். இருக்கறதை மருந்து போட்டுக் காப்பாத்தலாம். ஆனா உடனே டாக்டர்கிட்ட போகணும். இப்படியே விட்டா வலது கண்ணும் போயிடும்."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"ஜோக் அடிக்காம?"

அது கடினம்தான் என்றேன்.

மறுநாள் மாலை கொட்டகைக்குப் போனேன். மச்சான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிடக் காலைப் பார்த்துச் சொல்வது சுலபம். கால்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை கால் கட்டைவிரல்கூட அசையவில்லை.

"பதினாலாம் நம்பர் ஸ்பேனர் குடுங்க" என்றது அடியிலிருந்து குரல்.

கொடுத்தேன்.

"போன வருஷம் உங்க கடையில கடைசி வரி வரைக்கும் படிச்சேன். கழுகுக் கண்ணுனு நீங்கதான் சொன்னீங்க."

"அது நேராப் பாக்கற பார்வை மச்சான். அது நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றது ஓரத்தை."

"ஹெல்மெட் மறைச்சிருக்கும்."

"சிக்னல்ல ஹெல்மெட் எங்க இருந்துச்சு?"

"அத்தான்." வண்டிக்கு அடியிலிருந்து வந்ததால் குரல் தகரத்தில் பட்டு வந்தது. "ஞாயித்துக்கிழமை என் நாள். அது முடியட்டும். அப்புறம் கண்ணு, காது, மூக்கு எல்லாம் காட்டறேன். வண்டி இழுக்குது. அதான் விஷயம். இந்த ஒரு போல்ட்தான் பாக்கி."

"ஞாயித்துக்கிழமை உன் இடது பக்கத்துல இன்னொருத்தன் ஓட்டிக்கிட்டு வருவான். அவனுக்கும் வீடு இருக்கு."

 ஸ்பேனர் மட்டும் திரும்புகிற சத்தம் கேட்டது. இறுக்கியிருந்ததையே மறுபடி இறுக்குகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த வாரம் அவன் கீழே சாப்பிட வரவில்லை. அக்கா தட்டை மேலே கொண்டுபோய் வைத்தாள். காலித் தட்டு திரும்பி வந்தது, வார்த்தை வரவில்லை. வண்டிச் சாவியை அவள் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "வயசு நாப்பத்தாறு. சாவியை ஒளிச்சு வைக்க வேண்டியிருக்கு" என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

ஞாயிறு காலை அவன் கீழே வந்து கையை நீட்டினான். அக்கா சாவியை என்னிடம் கொடுத்தாள். ஒரு வாய்ச்சண்டைக்கு நான் தயாரானேன். அவனோ சுற்றிப்போய் இடப்பக்கத்து இருக்கையில் இறங்கி உட்கார்ந்தான். டிராக் வரைக்கும்தான் இந்த உடன்பாடு என்பது அவன் ஹெல்மெட்டை மடியில் இறுக்கிப் பிடித்திருந்ததிலேயே தெரிந்தது.

டிராக்கில் எங்கள் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது அவன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தான். நான் பின்பக்கமாக வந்ததால் அவனுக்குத் தெரியவில்லை. வலது கண்ணை உள்ளங்கையால் மூடியிருந்தான். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி, விரல்களை விரித்தான். தலையைத் திருப்பி அதைத் தேடினான். கையை இறக்கினான். மறுபடி நீட்டினான். ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் திரும்பத் திரும்பத் திருகுவார்களே, அந்த மாதிரி.

நான் தண்ணீரோடு அங்கேயே நின்றுவிட்டேன். அப்புறம் சத்தம் வராமல் கால் வைத்து நடந்து, வேறு பக்கம் போனேன். எனக்கு அவனிடம் பேசத் தெரியவில்லை. விசிலிடம் பொய் சொல்லத் தெரிந்தது.

"இன்னிக்கு நாங்க ஓட்டலை சார். வண்டி சரியில்லை."

"இடது பக்கம் இழுக்குதா?"

"ஆமா."

"நான்தான் அப்பவே சொன்னேனே கண்ணாடி சார்" என்றார் விசில். உண்மையான வருத்தத்தோடு என் தோளைத் தட்டினார். நானும் வருத்தமாகத் தலையாட்டினேன். காரியம் நோகாமல் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மச்சானுக்கும் மானம் போகாது, எவனுக்கும் உயிர் போகாது. சம்பந்தியின் பெயர் கொஞ்சம் கெடும். அவர் என்ன திருப்பிக் கேட்கவா போகிறார்.

காலையில் வண்டிகளைக் கிளப்புமுன் ஓட்டுகிறவர்கள் எல்லோரையும் கூட்டி நிறுத்தி விசில் விதிகளைச் சொல்வார். எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம், எங்கே முந்தலாம், எங்கே கூடாது. அன்றும் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். பெரியவர் யாராவது இறந்த செய்தியைச் சொல்வதுபோல.

"பச்சை வண்டி இன்னிக்கு ஓடாது. சட்டம் கோணிப்போச்சு. நம்ம தம்பிக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா பழைய வண்டி வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் இது ஒரு பாடம். இனிமே அதை ஓட்டாம, கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை உக்கார வாடகைக்கு விட்டா அழகா இருக்கும்."

நான் தரையைப் பார்த்தேன். கூட்டத்தில் 'த்சு' என்ற சத்தம் எழுந்தது.

"யாருண்ணே சொன்னது?"

மச்சான்தான். பின்வரிசையிலிருந்து.

"உன் அத்தான்தான் சொன்னாரு. மறைக்கறதுக்கு இதுல என்ன இருக்கு தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். எதற்காகச் சொன்னேன் என்று அவனுக்குப் புரிந்தது என்பது எனக்குப் புரிந்தது. அவன் ஒரு தலையாட்டலில் அதை ஏற்றுக்கொண்டிருக்கலாம். நாங்கள் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"சட்டம் நேரா இருக்கு" என்றான்.

"தம்பி, அது..."

"நேரா இருக்குண்ணே. ரெண்டு கடையில பாத்தாச்சு. ஸ்பிரிங் சரியா இருக்கு. ஸ்டீயரிங் சரியா இருக்கு. அந்த வண்டில ஒரு குறையும் இல்ல." மூச்சு விட்டுக்கொண்டான். "எனக்குத்தான் இடது பக்கம் தெரியல. கோன் தெரியல, அதான் அடிச்சேன். அன்னிக்குக் கொடியும் தெரியல. அத்தான் சொன்னாரு, நான் கேக்கல. இப்ப ஒரு கண்ண மூடிப் பாத்தேன். என் கையவே காணோம்."

 அன்று அவனுக்கு ஒரு கை தூரத்தில் முந்திப்போன ஆளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"என்னை என்ன வேணா சொல்லுங்க" என்றான் மச்சான். "வண்டியச் சொல்லாதீங்க."

விசில் கழுத்திலிருந்ததைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தார். "எப்போலேர்ந்து?"

"தெரியல. தெரியாததுதான்ணே வியாதியே."

"சரி." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "முதுகெலும்பு வளைஞ்சிருச்சுனு நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன். எல்லாரும் கேட்டுக்கோங்க, பச்சை வண்டில ஒண்ணும் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப இன்னிக்கு யாரு ஓட்டறது?" என்றார்.

"அத்தான்" என்றான் மச்சான்.

அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கூட்டம் சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்குச் சிரிக்க ஏதாவது தேவைப்பட்டது; வழக்கம்போல நான் கையருகே இருந்தேன்.

அவன் என் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டிவிட்டான். "கோன் விழக் கூடாது. விழுந்தா நான் சொன்னது பொய்யாயிடும்."

"நான் வேற யாரையாவது..."

"நீங்கதான் ஓட்டணும். நல்லா ஓட்டறவன் எப்படிப்பட்ட வண்டியையும் சமாளிச்சு ஓட்டிருவான்னு சொல்லிருவாங்க. நீங்க ஓட்டியும் நேராப் போச்சுன்னா, அது வண்டிதான்."

இதைவிட அன்பாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை.

கிளம்பினேன். முதல் வளைவிலேயே எல்லோரும் என்னைக் கடந்து போய்விட்டார்கள். அதனால் டிராக் முழுவதும் எனக்கே கிடைத்தது. மேட்டை ஒட்டிய அந்த இடது வளைவு வந்தது. ஆரஞ்சு கோன்கள் வரிசையாக நின்றன. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மச்சான் தனியாக நிற்பது தெரிந்தது.  பிரேக்கை அழுத்தினேன், திருப்பினேன். எத்தனையோ ஞாயிறுகளில் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது எங்கோ எனக்குள் தங்கியிருக்க வேண்டும். வண்டி முரண்டு பிடிக்கவில்லை. கோன்களை ஒட்டிப் போயிற்று, ஒன்றையும் தொடாமல். இழுக்கவே இல்லை. கேட்ட அளவுக்கு மட்டும் திரும்பியது. இத்தனை மாதம் நாங்கள் பிரித்துப் போட்டு, திருகி, அடித்து, சந்தேகப்பட்டதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்த வண்டி.

வேலியருகே மச்சான் உடம்போடு முழுதாகத் திரும்பி, நான் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தான். வண்டியின் பக்கக் கண்ணாடியில் அது தெரிந்தது. பிறகு என் மூக்கிலிருந்த கண்ணாடி மங்கிவிட்டது. கண்ணாடி விற்கிறவனுக்கே இந்தக் கதி.

சுற்றுகள் முடிந்து உள்ளே வந்து நிறுத்தினேன். அவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"பிரேக் ரொம்ப சீக்கிரம் போட்டீங்க."

"தெரியும்."

"நடந்து போறவன்கூட முந்தியிருப்பான்."

"கோன் நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு." சூடாக இருந்த பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை. "உங்க சிநேகிதர், அந்தக் கண் டாக்டர், காலைல எப்ப வருவாரு?"

"ஒம்பது மணிக்கு."

"போனது திரும்பி வருமா அத்தான்?"

  "வராது மச்சான். இருக்கறதைக் காப்பாத்தலாம். அதுவும் இப்பவே போனா."

 டிராக்கில் அவன் வழக்கமாக ஜெயிக்கும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் சத்தத்துக்கும் தலையைத் திருப்பாமலே அது எந்த வண்டி என்று அவன் உதடு சொல்லிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு யாரு ஓட்டறது?" என்றான் கடைசியில்.

"நான்தான்."

"இப்ப ஓட்டின மாதிரியா?"

"இதைவிட மெதுவா. ரோடாச்சே."

"அப்ப ஏழு மணிக்கே கிளம்பிரலாம்" என்றான் மச்சான்.